போதும்பொண்ணு வண்டிக்கு ஆயில் மாற்றிய கதை

சின்னமனூரில் மார்க்கையன்கோட்டை ரோட்டிலிருந்து பிரியும் லாடக்காரச் சந்தில், பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்த ஒரு சனிக்கிழமை காலையில், போதும்பொண்ணு தன் ஆட்டோவைக் கியர் ஆயில் மாற்றக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஊற்ற ஊற்ற அந்தப் பெட்டி நிறையவே இல்லை. அதனால்தான் இன்றைக்கு எங்கள் சந்தில் எந்தக் கதவும் கிறீச்சிடுவதில்லை. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக் கதவு கிறீச்சிடுகிறது, எங்கள் வீட்டுக் கதவு கிறீச்சிடுவதில்லை, யார் சிரிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் அந்தப் பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், கடைசியாகப் பிறந்ததற்குப் 'போதும்பொண்ணு' என்று பேர் வைப்பார்கள், அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. சாமிக்கு எழுத வேண்டிய மனுவைப் பிள்ளையின் நெற்றியிலேயே எழுதி ஒட்டிவிடுவது. பேச்சியம்மாளுக்கு ஐந்தாவது பெண்ணாக வந்தவள் இவள். மனு பலித்தது, அடுத்து ஒரு தம்பி பிறந்தான், நெய்யும் சோறுமாக வளர்ந்தான், திருப்பூருக்குப் போனான், பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. நாலு அக்காமாரும் வாக்கப்பட்டுப் போன ஊர்களில் இருக்க, பேச்சியம்மாளுக்கு இரண்டு வேளை கஞ்சியும் ஒரு வேளை சோறும் போடுவது இந்தப் போதும்பொண்ணுதான்.

பேச்சியம்மாள் இதற்கு வேறொரு விளக்கம் வைத்திருந்தாள், கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வாள்: "இவ பொறந்ததும் எனக்கு மனசு நெறஞ்சு போச்சு, இனி ஒண்ணும் வேணாம், இது போதும்னு தோணுச்சு, அதேன் அந்தப் பேரு." ஐந்தாம் வகுப்பு வரைக்கும் மகள் அதை நம்பினாள். ஐந்தாம் வகுப்பில் அவளோடு இன்னும் இரண்டு போதும்பொண்ணுகள் படித்தார்கள். வருகை எடுத்த வாத்தியார் மூன்று பேரையும் எழுப்பி நிறுத்தி, இந்தப் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டு, அவரே வகுப்புக்கு விளக்கமாகச் சொல்லி, எல்லோரும் சிரித்த பிறகு உட்காரச் சொன்னார். அன்றைக்கு விட்டவள்தான். முப்பது வருஷமாக 'போதும்' என்ற அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னதில்லை. பந்தியில் சாம்பார் வாளி வந்தால் இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து மறைப்பாள், குழம்பு கையில் விழுந்தாலும் சரி. தெருக்காரர்களும் அறிந்தும் அறியாமலும் பேரில் முன்பாதியை விட்டுவிட்டு, பெரியவர்கள் 'பொண்ணு' என்றும் சின்னவர்கள் 'பொண்ணக்கா' என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அவள் வண்டியில் ஐந்து பிள்ளைகள் ஸ்கூல் ட்ரிப். அந்த ஐந்து பிள்ளைகள்தான் அவளுக்குச் சோறு, மற்ற சவாரியெல்லாம் தொட்டுக்கொள்ள. இந்த வருஷம் புதிதாக ஒரு வேன்காரர் கிளம்பி வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து வீட்டிலும் பேசிவைத்தது போல ஒரே பதில்: திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பொண்ணு வண்டி வாசலில் நின்றால் பொண்ணு வண்டி, நிற்காவிட்டால் வேன். வண்டியோ ஒரு மாதமாகக் கியர் மாற்றும்போதெல்லாம் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் நடுரோட்டில் பல் உடைந்து நின்றுவிடும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது, அதனால்தான் சனிக்கிழமை விடிந்ததும் சிக்கந்தர் பட்டறைக்கு வந்தாள்.

சிக்கந்தர் கைச்சுத்தமான மெக்கானிக். கியர் ஆயிலைச் சூட்டோடு இறக்க வேண்டும், ஆறினால் கசடு அடியிலேயே தங்கிவிடும் என்பதால், முத்துலாபுரம் விலக்கு வரைக்கும் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். வந்ததும் அடி போல்ட்டைக் கழற்றினார், கறுப்பாக இறங்கியது, போல்ட்டின் காந்த முனையில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து, புது வாஷர் போட்டு இறுக்கி, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் லெவல் போல்ட்டைத் திறந்து வைத்தார். மேலே புனல் வைத்து ஊற்ற, எண்ணெய் உள்ளே ஏறி ஏறி அந்தப் பக்கத்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் அளவு சரி என்று அர்த்தம், ஒரு லிட்டரும் கொஞ்சமும் பிடிக்கும்.

இதில் அவர் பட்டறைக்கென்று ஒரு சட்டம் உண்டு. மேலே ஊற்றுவது அவர். கீழே லெவல் ஓட்டைக்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்து, எண்ணெய் வந்ததும் 'போதும்' என்று சொல்ல வேண்டியது வண்டிக்காரர். "பந்தியில ஊத்துறவனா போதும்பான்? எலைக்கு முன்னால ஒக்காந்துருக்கவந்தேன் சொல்லணும்," என்பார். வண்டிக்காரர் சொல்லாமல் அவர் கை நின்றதில்லை.

போதும்பொண்ணு குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு லிட்டர் டப்பா காலியானது.

"என்னத்தா, வந்துருச்சா?"

"வரலண்ணே."

இரண்டாவது டப்பாவும் காலியானது. தரையில் சொட்டு இல்லை, பெட்டியில் கசிவு இல்லை. சிக்கந்தர் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை உள்ளே விட்டு எடுத்தார், கம்பி காய்ந்து வந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ரொம்ப நாளாக் காயப்போட்டுருக்க, தாகமெடுத்துருச்சு போல," என்று சொல்லிவிட்டு மூன்றாவது டப்பாவை உடைத்தார்.

அந்த மூன்றாவது டப்பா பாதி இறங்கும்போதுதான், எதிர் வீட்டில் டெய்லர் அமராவதியின் தையல் மிஷின், ஆறு வருஷமாக முனகிக்கொண்டே தைத்த மிஷின், சத்தமே இல்லாமல் ஓட ஆரம்பித்தது. அவள் தனக்குக் காது போய்விட்டது என்று பயந்து புருஷனைக் கூப்பிட்டு ஏதாவது பேசச் சொல்ல, அவர் கிடைத்தது சந்தர்ப்பம் என்று இருபது வருஷத்துக் குறையைப் பேச, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. நாலாவது டப்பாவுக்கு, இரண்டு ஆள் தொங்கி இழுத்தால்தான் ஏறும் ரேஷன் கடை ஷட்டர் ஒற்றை விரலுக்கு மடமடவென்று ஏறியது. ஐந்தாவதுக்கு, ரெண்டு தேர்தலாகக் கையைத் தூக்கிக்கொண்டு விறைத்து நின்ற அடிகுழாய் தணிந்து தண்ணீர் தந்தது. ஆறாவதுக்கு, ஒரே சலூனை நடுவில் பலகை அடித்துப் பிரித்துக்கொண்டு பதினோரு வருஷமாகப் பேசாமல் முடிவெட்டிய அண்ணன் தம்பியில், தம்பி பலகைக்கு மேலே கையை நீட்டி, "அண்ணே, அந்தப் பெரிய சீப்பக் குடு," என்றான், அண்ணனும் குடுத்தான்.

அமராவதிதான் கெட்டிக்காரி, அவள்தான் முதலில் கணக்குப் போட்டாள். சந்தின் நடுவில் நின்று, "பொட்டிக்குள்ள ஊத்துறது பொட்டியில தங்கலடி, நம்ம தெருவுக்குத்தேன் போகுது," என்று கூவினாள். எங்களில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. சரி, போகட்டும், நம் வீட்டுக்கு எப்போது வரும் என்றுதான் கேட்டோம். மத்தியானத்துக்குள் ஆளுக்கு ஒரு டப்பா கியர் ஆயிலோடு பட்டறை முன்னால் வரிசை நின்றது. கியர் ஆயில் கிடைக்காதவர்கள் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். நல்லெண்ணெய்த் தூக்கைப் பார்த்துச் சிக்கந்தர், "நல்லெண்ணெ ஊத்த இது என்னத்தா, தலையா?" என்று திருப்பி அனுப்பினார். ஒருத்தி வண்டி மட்கார்டில் மஞ்சள் குங்குமம் வைக்க வந்து, ராவுத்தர் பட்டறையாயிற்றே என்று தயங்கி நிற்க, "வையித்தா, ஆயில்ல மட்டும் விழாமப் பாத்துக்க," என்றார்.

புனலுக்குள் குனிந்து வேண்டுதல் சொல்லும் பழக்கமும் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் கேட்டதெல்லாம் நடக்கவில்லை, எது இறுகிக் கிடந்ததோ அதுதான் இளகியது. மகனுக்கு விசா கேட்ட பாண்டியனுக்குக் கக்கூஸ் தாழ்ப்பாள் சரியானது. மாமியாருக்கு நல்ல புத்தி கேட்டவளுக்கு மாமியாரின் மூட்டு இளகி, அந்த அம்மாள் முன்னைவிட வேகமாக வந்து நின்று கேள்வி கேட்டாள். மூன்று நாளாக வயிறு போகாமல் முகம் சுண்டிக் கிடந்த கிராம ஆபீஸ் எழுத்தர் மட்டும் எதுவும் வேண்டாமலே எழுந்து ஓடினார். வரிசையே அவருக்கு வழிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் போதும்பொண்ணு லெவல் ஓட்டைக்கு நேராகக் குத்தவைத்தபடியே இருந்தாள். சனிக்கிழமை முழுக்க இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் கையில் டப்பாவோடு வரிசையில்தான் நின்றேன். பத்து மணி வாக்கில் ட்ரிப் பிள்ளை ஒன்றின் அப்பா பைக்கை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு வண்டி வந்துருமாம்மா?"

"வந்துரும் சார்."

அவர் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், சரி என்று சொல்லாமலே கிளம்பிப் போனார். போன திசையில்தான் வேன்காரர் வீடும் இருந்தது.

மத்தியானம் அவள் எழுந்து நின்று வரிசையைப் பார்த்து, "எல்லாரும் நிறுத்துங்க, எனக்கு வண்டி வேணும்," என்றாள். அமராவதி வரிசையிலிருந்து வெளியே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கடி. எம்புட்டுப் புண்ணியம் தெரியுமா? எங்கையப் பாரு, பெருவெரலு மடங்கி நாலு வருசமாச்சு, இப்ப ஊசியில நூலு கோக்குறேன். ஒனக்குச் சோறு தெருவே போடும்."

"எனக்குச் சோறா வேணும்? வண்டி வேணும்க்கா. அஞ்சு புள்ளைக வாசல்ல நிக்கும்."

"வேன்ல போகட்டும்டி ஒரு வாரம்."

"ஒரு வாரம் போன புள்ள திரும்பி வருமா?"

அமராவதிக்குப் பதில் தெரிந்திருந்தது, அதனால் திரும்பிப் போய் வரிசையில் நின்றுகொண்டாள். போதும்பொண்ணுக்கு வந்த கோபத்தில் கண் சிவந்துவிட்டது. வேண்டாம் என்று பேர் வைத்த ஊர் இன்றைக்கு அவளை விடமாட்டேன் என்கிறது, அப்போதும் அவளைக் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

சிக்கந்தர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாக ஏதோ ஒன்று அவருக்கு இடறிக்கொண்டே இருந்தது, இப்போதுதான் பிடிபட்டது.

"ஏத்தா, ரெண்டு நாளா ஊத்துறேன், நீ இன்னும் சொல்லவே இல்லையே."

"என்னத்தண்ணே?"

"போதும்னு."

"வந்தாத்தான சொல்ல."

"வந்தாச் சொல்லுவியா?"

அவள் கந்தலை எடுத்து லெவல் ஓட்டையின் விளிம்பைத் துடைத்தாள். பிறகு, "நெறஞ்சிருச்சுன்னு சொல்லுவேன்," என்றாள்.

"எம் பட்டறையில அந்த வார்த்ததேன்த்தா. வேற வார்த்தைக்கு எங்கையி நிக்காது."

"எம் பேருதானண்ணே அது," என்றாள் போதும்பொண்ணு. "என்னைய வேணாம்னு சொன்ன வார்த்தைய நானே எப்பிடிண்ணே சொல்லுவேன்?" சொல்லிவிட்டு அழுதாள். ஆட்டோ ஸ்டாண்டில் பதினைந்து ஆம்பிளைகளோடு மல்லுக்கு நின்றவள் அழுததை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். வரிசையில் சிலர் தரையைப் பார்த்தார்கள், ஆனால் யாரும் வரிசையை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் பேச்சியம்மாள் மகளுக்குக் கஞ்சித்தூக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு நாக்கு ஊறும். தூக்கை வண்டி சீட்டில் வைத்துவிட்டு, "எம் மக வண்டிக்கு நீங்க எல்லாம் ஊத்துறீங்க, பெத்தவ ஊத்தலைன்னா எப்பிடி, ஊத்துங்க மாப்ள எம் பேருக்கு அர லிட்டரு," என்று சிக்கந்தரைப் பார்த்துச் சொன்னாள். அவர் கையோ பழக்கத்தில் டப்பாவை எடுத்து ஊற்றியது. பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு நேராகத் திரும்பி, எங்களுக்கெல்லாம் மனப்பாடமான அந்தக் கதையை ஆரம்பித்தாள்.

"இவ பொறந்ததும் எனக்கு மனசு விட்டுப் போச்சு."

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டு நின்றாள். நெறஞ்சு போச்சு என்றுதான் சொல்ல வாயெடுத்திருந்தாள். மறுபடியும் ஆரம்பித்தாள், மறுபடியும் அதேதான் வந்தது, அதற்குப் பின்னால் மிச்சமும் சேர்ந்து வந்தது, அவளால் நிறுத்த முடியவில்லை.

"மனசு விட்டுப் போச்சு. மூணு நா இவ மொகத்தையே பாக்கல. பாலுக்குக் கத்துச்சு, நான் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துருந்தேன். ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டுல்காரி தூக்கிப் பால் குடுத்தா. பேரும் நாந்தேன் சொன்னேன், ஒங்கய்யா சொல்லலத்தா, அந்த மனுசன் மீனாட்சின்னு வைப்போம்னாரு, நாந்தேன் வேணாம்னேன். போதும்னு வையி, இந்தச் சனியனோட போதும்னேன். ஊருக்கெல்லாம் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எதத் திரும்பிப் பாக்கலையோ அது ஊத்துற கஞ்சியத்தேன் பன்னெண்டு வருசமாக் குடிக்கிறேன். ஒவ்வொரு மடக்கும் எனக்குத் தொண்டையில நிக்கிதுடி. நான் பாவி. நான் பாவிடி."

பேச்சியம்மாள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். எழுபது வயசுக் கை, ஆனாலும் அடி பலமாக விழுந்தது. போதும்பொண்ணு முதலில் அசையவே இல்லை. அப்புறம் எழுந்து போய், அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்தாள்.

"போதும்மா," என்றாள். "போதும். விடு. போதும்னு சொல்றேன்ல."

சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. அதில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா, அலுப்பு இருந்ததா என்று நாங்கள் பிற்பாடு பல நாள் பேசிப் பார்த்திருக்கிறோம், ஆளுக்கு ஒன்று சொன்னோம். சிக்கந்தருக்கு மட்டும் அதெல்லாம் தேவைப்படவில்லை. வார்த்தை காதில் விழுந்ததும் அவர் கை தானாக நிமிர்ந்தது, டப்பாவில் கடைசிச் சொட்டு திரும்பி உள்ளே போனது. நாங்கள் எல்லோரும் லெவல் ஓட்டையைப் பார்த்தோம். உள்ளே ஏதோ ஏறும் சத்தம் கேட்டது, பிறகு ஓட்டையின் விளிம்பில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு திரண்டு, நின்று, வழிந்து, பெட்டியின் ஓரமாக இறங்கித் தரையில் விழுந்தது.

"வந்துருச்சுத்தா!" என்று கத்தினார் சிக்கந்தர்.

கூடுதலாக இருந்தது வடியும்வரை பொறுத்து, லெவல் போல்ட்டை முடுக்கி, கந்தலால் துடைத்தார். வரிசையில் அடுத்த ஆள் நான்தான். என் விஷயம் என்ன என்று கேட்காதீர்கள், அது இறுகினது இறுகினபடியேதான் இருக்கிறது. ஆனாலும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு வருத்தமாக இல்லை. அமராவதி மட்டும் போதும்பொண்ணு கையைப் பிடித்து, "நாங்க கேட்டுருக்கணும்டி," என்றாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு, வண்டி சீட்டிலிருந்த கஞ்சித்தூக்கை எடுத்தாள்.

அன்றைக்கே தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுது எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பொய். சாயங்காலம் முழுக்க மகள் தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். பேச்சியம்மாள் அதைத் தொண்டையில் நிற்காமல் சாப்பிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு வண்டி கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது கியர், ஒரு நறநறப்பு இல்லை. கியர் மாறியதே எங்கள் காதுக்குத் தெரியவில்லை. நாலு வீட்டு வாசலில் நாலு பிள்ளைகள் ஏறின. ஐந்தாவது, நேற்று பைக்கில் வந்தவரின் பையன், சந்து முனையில் வேனுக்கும் ஆட்டோவுக்குமாகக் காத்துக்கொண்டு அவரோடு நின்றான். ஆட்டோ முதலில் வந்தது, அவர் பையனை ஏற்றிவிட்டார். ஐந்து பையும் கம்பியில் தொங்க, சீட்டில் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அப்போது அடிகுழாய்ப் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி ஒன்று என்று மூன்று பெண் பிள்ளைகளோடு ஓடிவந்தாள். முந்தானையைப் பிடித்திருந்தது புது யூனிபாரத்தில் இருந்தது.

"அக்கா, வேன்ல எடம் இல்லைன்டாங்க," என்று மூச்சு வாங்கினாள். வண்டிக்குள் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "இதுலயும் நெறைஞ்சிருச்சு போல. இன்னொரு பொண்ணுக்கு எடம் இருக்குமாக்கா?"

போதும்பொண்ணு திரும்பிப் பார்த்து, "தள்ளி ஒக்காருங்கடா," என்று பிள்ளைகளை அதட்டினாள். பிறகு குனிந்து அந்தச் சின்னப் பெண்ணின் பையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கு," என்றாள். "ஏறு தாயி."